முதற் காற்றாலைகளில் ஒன்றேனும் எஞ்சட்டும்

வேளச்சேரியிலிருந்து தாம்பரம் செல்லும் நெடுஞ்சாலையில் பள்ளிக்கரணையைக் கடப்போர், அங்கே 1998இல் தோற்றுவிக்கப்பெற்ற மத்திய சர்க்கார் ஸ்தாபனமாகிய தேசிய காற்றாற்றல் நிறுவனம் அமைந்திருப்பதைக் கண்டிருப்பர். நாட்டின் எப்பிரதேசத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்று அளப்பதும், காற்றாலைகளைப் பரீக்ஷிப்பதும் அதன் பணிகள். அந்நிறுவனத்தின் வளாகத்தில், நம் ராஜ்யத்தின் முதல் தலைமுறைக் காற்றாலை ஒன்று முழு உருவத்துடன் நிறுத்தப்பட வேண்டும் என்பது நம் கோரிக்கை.

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 55 கிலோவாட் யந்திரங்கள் சுழலத் தொடங்கியபோது, காற்றிலிருந்து வியாபார அளவில் மின்சாரம் எடுக்கலாம் என்ற நம்பிக்கை இந்நாட்டில் வேரூன்றியது; ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றிலும் பின்னர் எழுந்த கோபுர வரிசைகள் அந்த நம்பிக்கையின் பலனே. இன்றைய யந்திரம் ஒன்று 3,000 கிலோவாட் தரவல்லது. ஆகையால், சிறந்த காற்று வீசும் இடங்களில் பழையவற்றை அகற்றிப் புதியவற்றை நிறுவத் தமிழக அரசு 2024இல் வகுத்த கொள்கை நியாயமானதே. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. எல்லாமே பழைய இரும்பாக எடைக்குப் போய்விடலாகாது என்பதே நம் கவலை.

பழைய யந்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்போர் டென்மார்க்கைப் பார்க்கட்டும். 1957இல் யோஹான்னஸ் யூல் என்ற பொறியாளர் கெட்ஸரில் எழுப்பிய 200 கிலோவாட் காற்றாலை பத்தாண்டுகள் உழைத்து 1967இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதைப் பிரித்தெறியாமல் விட்டு வைத்திருந்தமையால், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் காற்றின் அருமையை உலகம் உணர்ந்த வேளையில், அதைச் செப்பனிட்டு மீண்டும் சுழலவிட்டு, அமெரிக்க விஞ்ஞானிகளும் பயன்கொள்ளும்படி அளவீடுகள் எடுக்க முடிந்தது. இன்று அதன் உறுப்புகள் அருங்காட்சியகத்தில் உள்ளன. நெதர்லாந்திலோ, கின்டர்டைக் என்னும் ஊரின் 19 பழைய காற்றாலைகள் 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அத்துடன் அமையாது, ஆலையை ஓட்டும் தொழில் ஞானத்துக்கும் 2017இல் யுனெஸ்கோவின் அங்கீகாரத்தை டச்சுக்காரர் பெற்றனர். கயத்தாற்றுக் கோபுரங்களில் ஆடிக்காற்றில் ஏறி இறங்கிய மெக்கானிக்குகளின் அனுபவமும் அவ்வாறே, அவர்கள் இருக்கும்போதே, பதிவு செய்யப்பட வேண்டியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பிற்காலத்தில் தேசத்தின் காற்று வளத்தை அளந்து நூலாக்கிய அன்னா மணியின் சேவைக்கும் அந்நிறுவன வளாகத்தில் இடம் உண்டு. இந்த ஏற்பாட்டுக்காகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஓர் அடியையும் தொடலாகாது. அது 2022 முதல் ராம்சார் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்.

அடுத்த பழைய யந்திரத்தைக் கழற்ற அனுமதி வழங்குமுன், மின்வாரியம் தன் வசமுள்ளவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் பராமரிப்பு ஏடுகளுடன் பள்ளிக்கரணைக்கு ஒப்படைக்க வேண்டும். விடுமுறை நாட்களில் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பள்ளிப் பிள்ளைகள் கட்டணமின்றி அதைக் காண நிறுவனம் வாயிலைத் திறந்து வைக்க வேண்டும்.