பள்ளிக் கட்டணமும் கடை முதலும்

வணிகப் பெருமக்களே! சரக்கு எடுக்க நாலு கடையில் விலை விசாரிக்கும் நாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது மட்டும் கட்டடத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறோம்.

பசுவந்தனை வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. தை மாதம் உளுந்தும் பாசியும் வீடு சேர்ந்தால்தான் நம் கடைப் பற்று வசூலாகும். பள்ளிக் கட்டணமோ ஜூன் மாதமே கட்டியாக வேண்டும். கடை முதலை எடுத்துக் கட்டினால் சரக்கு குறையும். வட்டிக்கு வாங்கினால் லாபம் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2020 முதல் மருத்துவத்திலும் 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பணம் கட்டித் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும்.

தனியார் பள்ளியே கூடாது என்பதல்ல. சேர்க்குமுன், கட்டணக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையைக் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மேல் வாங்கக்கூடாது. ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆசிரியர்கள் நிலைத்து வேலை பார்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

நம் முன்னோர் வேறு வழியும் காட்டியிருக்கிறார்கள். 1889இல் விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் க்ஷத்திரிய வித்தியாசாலாவைத் தொடங்கினார்கள்; காமராஜர் அங்கு படித்தவர். ஒரு பிள்ளைக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை உள்ளூர்ப் பள்ளிக்குக் கொடுத்தால், ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பயன்படும். சிந்திப்போம்.