ஊர் சுத்த ஒரு லென்ஸ்: தயவுசெஞ்சு தவணையில வாங்காதீங்க

இன்னைக்கு மருந்து மாத்திரை கிடையாது மக்களே, கேமரா லென்ஸ். கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

எங்க வார்டு ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தருக்கு அவங்க அண்ணன் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் ஒண்ணு கொடுத்திருக்கார். "ஊர் சுத்தறப்ப மாட்டிக்க ஒரே ஒரு லென்ஸ் சொல்லுங்க சார், ஸ்டைபண்டுக்குள்ள முடியணும்"னு கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த மெசேஜ். "2.8 ஜூம் ஒண்ணு பார்த்தேன் சார். 12 மாச இஎம்ஐ."

அந்த இஎம்ஐயை நானும் ஒரு காலத்துல கட்டினவன். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

பிஜி முடிச்ச கையோட நான் வாங்கினது கேனான் 17-55 எஃப்/2.8. அருமையான லென்ஸ், அதுல குறையே சொல்ல முடியாது. எடை 645 கிராம். கேமராவோட சேர்த்தா ஒரு கிலோவுக்கு மேல கழுத்துல தொங்கும். அப்பாவைக் கூட்டிட்டு தாராசுரம் போனேன். கும்பகோணம் லாட்ஜ்ல இருந்து கிளம்பும்போது லேசா தூறல். நனைஞ்சுட்டா? கூட்டத்துல எங்கேயாவது இடிச்சுட்டா? இன்னும் 9 தவணை பாக்கி. ரூம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டு ஃபோனை மட்டும் எடுத்துட்டுப் போனேன்.

அன்னைக்கு அப்பா அந்தத் தேர் மண்டபத்துக் கல் சக்கரத்து மேல கை வச்சு நின்னு, இரண்டாம் ராஜராஜன் கதையை அவர் பாணியில சொல்லிட்டு இருந்தார். மேகமூட்டம், மங்கலான வெளிச்சம். என் அப்போதைய ஃபோன்ல எடுத்த அந்தப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டா முகமெல்லாம் மெழுகு மாதிரி கரைஞ்சு போகுது. இப்ப அவருக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். கோயில் படி ஏறறதில்லை.

இனி விஷயத்துக்கு வரேன். இப்ப உங்க பாக்கெட்ல இருக்கற ஃபோனே நல்ல அகலக்கோண லென்ஸ்தான். கோபுரம் முழுசா வேணும், கடல் வேணும், பத்து பேர் குரூப் போட்டோ வேணுமா, ஃபோனே போதும். அது தடுமாறுற இடம் ரெண்டு. ஒண்ணு, தூரத்து முகம். இன்னொண்ணு, மங்கலான வெளிச்சத்துல அசையற ஆள். காசை இந்த ரெண்டுக்கும் மட்டும் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

தூரத்துக்கு, பழைய கேனான் 18-135 எஸ்டிஎம். செகண்ட் ஹேண்ட்ல 12,000 ரூபாய்க்கு வாங்கினேன். 480 கிராம். அந்தச் சின்ன சென்சார் கேமராவுல பார்வைக்கோணம் 1.6 மடங்கு இறுகிடும். அதாவது 18ங்கறது 29 மாதிரி, 135ங்கறது 216 மாதிரி. தாராசுரத்துல மண்டபத்துக்கு 18, தூண்ல கட்டம் கட்டமா இருக்கற குட்டிச் சிற்பத்துக்கு 70, 80, விமானத்து மேல இருக்கறதுக்கு 135. லென்ஸைக் கழட்டி மாட்ட வேண்டிய அவசியமே வராது. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கற சிற்பம் அங்க இருக்கே, அதுக்குக் கிட்டயும் போகலாம், 39 சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகும். வாங்கும்போது பேர்ல எஸ்டிஎம் இல்லைன்னா யுஎஸ்எம்னு இருக்கான்னு பாருங்க. ரெண்டும் இல்லாத முதல் மாடல் விலை குறைவா கிடைக்கும், ஆனா ஃபோகஸ் சத்தம் போடும்.

வெளிச்சத்துக்கு, 50 எம்எம் எஃப்/1.8. 160 கிராம்தான், சட்டைப்பையில போட்டுக்கலாம். ஜூம்ல எஃப்/5.6ல கிடைக்கற வெளிச்சத்தை விட இதுல கிட்டத்தட்ட 10 மடங்கு உள்ள வரும். அங்க 1/10 நொடியில ஆடிப்போற படம் இங்க 1/100ல நின்னுடும். "லென்ஸ்ல ஸ்டெபிலைசர் இருக்கே டாக்டர்?" இருக்கு. அது உங்க கை நடுக்கத்துக்கு மருந்து. ஓடற குழந்தைக்கு அது ஒண்ணும் பண்ணாது.

ரெண்டும் சேர்ந்தே அந்த 2.8 ஜூமை விட எடை குறைவு. விலையைப் பத்தி சொல்லவே வேண்டாம்.

"அப்ப 18-400 ஒண்ணு வாங்கிட்டா எல்லாமே முடிஞ்சுதே?" இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை கேக்கறவங்களை நான் தினமும் பார்க்கறேன். டாம்ரான் அப்படி ஒண்ணு போட்டிருக்கு. 700 கிராமுக்கு மேல. 400க்குப் போனா எஃப்/6.3, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல திணறும். வேடந்தாங்கலுக்கு அடிக்கடி போறவரா நீங்க? தாராளமா வாங்குங்க. தஞ்சாவூர், மதுரை, ஹம்பின்னு சுத்தறவருக்கு 400ல என்ன வேலைன்னு எனக்குப் புரியலை. 2.8ம் தப்பான லென்ஸ் கிடையாது. கல்யாண வீடு எடுத்து சம்பாதிக்கறவருக்கு அது தொழில் கருவி. நமக்குத் தவணை.

பழசு வாங்கப் பயப்படறவங்களுக்கு. லென்ஸை பின்பக்கம் இருந்து ஃபோன் டார்ச் அடிச்சு முன்பக்கமாப் பாருங்க, நாங்க தொண்டையைப் பார்க்கற மாதிரி. நாலு தூசி இருந்தா பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி, பஞ்சு இழை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். அப்புறம் சுவத்துல ஒரு செய்தித்தாளை ஒட்டி நேரா நின்னு எடுங்க. இடது ஓரம் தெளிவு, வலது ஓரம் மங்கல்னா அந்த லென்ஸ் எங்கேயோ கீழ விழுந்து எழுந்தது. வீட்டுக்கு வந்ததும் தோல் பையில போட்டு பீரோவுல வைக்காதீங்க. காத்து புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல். நீல மணி ரோஸ் ஆச்சுன்னா ஈரம் குடிச்சு முடிச்சதுன்னு அர்த்தம். சென்னைக் காத்துக்கு இது கட்டாயம்.

போன வருஷம் அப்பாவைத் திரும்பவும் தாராசுரம் கூட்டிட்டுப் போனேன். உள்ள வரலை, வெளியே புல்தரைப் பக்கம் சேர் போட்டு உட்கார்ந்துட்டார். தூரத்துல இருந்து 135ல எடுத்தேன், அவருக்குத் தெரியாது. அந்தப் படம் ஹால்ல மாட்டியிருக்கு. கல் சக்கரத்துல கை வச்ச படம் மட்டும் ஃபோன் சைஸ்லயே இருக்கு.

நிகான் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 18-105 விஆர், கூட 50 எஃப்/1.8 ஜி, இதே கணக்குதான். ஆனா டி3000, டி5000 வரிசை பாடில ஃபோகஸ் மோட்டார் கிடையாது. விலை கம்மின்னு 50 எஃப்/1.8 டி வாங்கினா ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பேர்ல ஏஎஃப்-எஸ் இருக்கணும். லென்ஸ் ரிப்பேர்னு என்கிட்ட கொண்டு வந்து காட்டினவங்க இதுவரைக்கும் ரெண்டு பேர். ரெண்டு லென்ஸும் நல்லாத்தான் இருந்துச்சு.