நாலு கட்டம், ஒரே தாள்

கச்சாங் பூத்தே என்றதும் ஈப்போக்காரர்களுக்குப் புந்தோங் ஞாபகத்துக்கு வரும். அங்கே குடும்ப வியாபாரத்தைக் கவனிக்கும் தம்பி ஒருவர் போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்பினார். வங்கிக் கடனுக்குக் காட்ட வேண்டும் என்று முறுக்கு, கடலை, பக்கோடா, ஓமப்பொடி நான்கின் மாத விற்பனையையும் ஒரே தாளில் நான்கு கட்டங்களாகப் போட்டிருந்தார். மேல் கட்டத்து மாதப் பெயர்கள் மீது கீழ்க் கட்டத்தின் தலைப்பு ஏறி உட்கார்ந்திருந்தது.

“அக்கா, தீபாவளி வியாபாரம் எந்த மாசம்னே தெரியல. இதப் பார்த்து யாரு கடன் கொடுப்பா?”

நியாயமான கேள்வி. அவர் பயன்படுத்தியது மேட்பிளாட்லிப் என்ற இலவச பைத்தான் நூலகம். வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் படமாகப் பார்ப்பதற்கு ஜான் ஹண்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் தொடங்கியது. 2003-இல் வெளிவந்தது. வானொலியில் நேயர் கணக்கைப் பார்க்க நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு கட்டத்தின் சராசரி உயரத்தில் 20 விழுக்காட்டை அது மேலும் கீழுமான கட்டங்களுக்கு நடுவே ஒதுக்கும். எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்காது. மாதப் பெயர்களைச் சாய்த்து எழுதினால் அந்த இடம் எப்படிப் போதும்?

2011-இல் வந்த ‘டைட் லேஅவுட்’ எழுத்தை அளந்து இடைவெளியைத் தானே சரிசெய்யும். ஆனால், கூப்பிட்ட நேரத்தில் ஒருமுறைதான் அளக்கும். பிறகு தலைப்பை நீட்டினால் மறுபடியும் இடிக்கும். அதனால் படத்தைச் சேமிக்கும் வரிக்கு முந்திய வரியில் எழுதுவது நல்லது.

எனக்குப் பிடித்தது 2018-இல் வந்த ‘கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்’. கட்டங்களை உருவாக்கும் வரியிலேயே சொல்லிவிடலாம். படம் வரையப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கும். பக்கத்தில் வண்ண அளவுகோல் இருந்தால் அதற்கும் இடம் விடும். தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஒன்று, அந்த இடைவெளி வானத்திலிருந்து வராது. கட்டங்களைச் சுருக்கித்தான் கிடைக்கும். நாம் அளவு கொடுக்காதபோது முழுப் படமே 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம்தான். நான்கு கட்டங்கள் அதற்குள் நசுங்கிப் போகும். ஏ4 தாளில் அச்சடிப்பதென்றால் 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் கொடுங்கள். வங்கி அதிகாரி கண்ணாடியைத் தேட வேண்டியிருக்காது.

இரண்டு வசதிகளையும் ஒரே நிரலில் போடாதீர்கள். முதலில் கன்ஸ்ட்ரெயின்ட் என்று சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் கடைசியில் டைட் லேஅவுட்டையும் கூப்பிட்டால் முன்னது அணைந்துவிடும்.