தூக்கிவாரிப் போடுவது எதுவரை?

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் ஒரு கிண்ணம் கீழே விழுந்தால் போதும், தூளியில் தூங்குகிற பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடும். இரண்டு கையையும் அகல விரித்து, பிறகு எதையோ கட்டிப் பிடிக்கிற மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு வீலென்று அழும். "பயந்திருக்கு, விபூதி போடு" என்பார் பாட்டி. தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது பயம் இல்லை. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் எர்ன்ஸ்ட் மோரோ 1918-ல் இதை விவரித்து எழுதினார். மோரோ அனிச்சை என்றே அதற்குப் பெயர். பிறந்த குழந்தைக்கு இது இல்லாவிட்டால்தான் டாக்டர் யோசிப்பார். ஒரு கை மட்டும் விரிந்து மறு கை சும்மா கிடந்தால், பிரசவத்தில் தோள் நரம்போ காறை எலும்போ அடிபட்டதா என்று பார்ப்பார்.

இந்த மாதிரி பாப்பா கூடவே கொண்டுவருகிற அசைவுகள் இன்னும் பல. கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் வாயைத் திருப்பிப் பால் தேடும். உள்ளங்கையில் எது பட்டாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். (நம் தலைமுடியும் தாலிச் சரடும் படுகிற பாடு தெரியாதா!) மல்லாந்து கிடக்கும்போது தலை ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், மறு பக்கத்துக் கை மடங்கும், வில்லை வளைத்து அம்பு விடப்போகிற மாதிரி. இவற்றுக்கு ஆதி அனிச்சைகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாப்பா நினைத்துச் செய்வதல்ல, தண்டுவடமும் மூளைத் தண்டும் தாமாக நடத்துகிற வேலை. மூளையின் மேல்பகுதி முதிர முதிர, இவற்றை அடக்கிப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். மாமியாரிடம் இருந்த சாவிக்கொத்து மருமகள் இடுப்புக்கு மாறுகிற மாதிரி. மாமியார் எங்கும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறார். இதை ஞாபகம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பால் தேடுவது சுமார் நான்கு மாதத்தில் போகும். தூக்கிவாரிப் போடுவதும், உள்ளங்கைப் பிடியும், அந்த வில் வளைக்கிற நிலையும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். பாதத்தைக் கீறினால் கட்டைவிரல் மேலே நிமிர்வது மட்டும் ஒரு வயது, இரண்டு வயது வரைகூட இருக்கும். நாள் கணக்குப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், ஒவ்வொரு குழந்தையும் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஆறேழு மாதம் தாண்டியும் தூக்கிவாரிப் போடுகிறது, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறது, உடம்பு விறைக்கிறது அல்லது துணி மாதிரி துவள்கிறது, ஒரு பக்கக் கையையே பயன்படுத்துகிறது என்றால், "ஆம்பளைப் பிள்ளை, மெதுவாத்தான் வளரும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மூளை வாதம் போன்றவற்றுக்கு இது முதல் அடையாளமாக இருக்கலாம். சீக்கிரம் பயிற்சி ஆரம்பித்தால் பலன் அதிகம். 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற மையங்களை அமைத்திருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், பரிசோதனைக்குப் பணம் கிடையாது.

இது கைக்குழந்தைகளின் கதை. இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் விஷயத்திலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. எழுத்து கோணுகிறது, மேஜைமேல் தலையைச் சாய்த்தே எழுதுகிறான், ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், எட்டு வயதிலும் படுக்கையை நனைக்கிறான் என்றால், "ஆதி அனிச்சை முழுக்க அடங்கவில்லை, அசைவுப் பயிற்சியால் அடக்கலாம்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் செஸ்டர் நகரத்தில் பீட்டர் பிளைத் 1975-ல் இதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். ஸ்வீடனில் ஹரால்ட் ப்ளூம்பெர்க் என்ற மனநல மருத்துவர், கைக்குழந்தை ஆடுகிற மாதிரியே தாளத்தோடு ஆட்டுகிற ஒரு முறையைப் பரப்பினார்.

என் நாத்தனார் போன வருஷம் இதற்காகத்தான் என்னிடம் வந்தாள். "அண்ணி, மூணாங்கிளாஸ் படிக்கிறான், போர்டைப் பார்த்து நாலு வரி எழுத அரை மணி ஆகுது. ஒரு சென்டர்ல காட்டினோம். ரிஃப்ளெக்ஸ் நிக்கலையாம், ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக் கட்டச் சொல்றாங்க. வளையலை வச்சுடட்டுமா?" என்று கேட்டாள். அங்கே செய்த சோதனையைப் பையனே எனக்குச் செய்து காட்டினான். யானை மாதிரி நாலு காலில் நின்று தலையை வலது பக்கம் திருப்பினான், இடது முழங்கை மடங்கிற்று. தலையைக் குனிந்தால் கைகள் மடங்கின. "அத்தை, நீங்க பண்ணுங்க" என்றான். நானும் பண்ணினேன். என் முழங்கையும் கொஞ்சம் மடங்கத்தான் செய்தது! எனக்கு என்ன வியாதி சொல்லுங்கள்.

இதில் உண்மை எவ்வளவு? 2000-ம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஆய்வு ஒன்று வெளிவந்தது. படிப்பதில் சிரமப்பட்ட, 8 முதல் 11 வயது வரையுள்ள 60 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கைக்குழந்தை அசைவுகளை ஓராண்டு செய்யவைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வேறு ஏதோ அசைவுகள், மூன்றாவதுக்கு ஒன்றுமில்லை. முதல் பிரிவுக்கு வில் வளைக்கிற அனிச்சை குறைந்தது, படிப்பும் முன்னேறியது. நல்ல செய்திதான். ஆனால் 60 பிள்ளைகள் என்பது சின்னக் கூட்டம். அதை வைத்து "எல்லாக் குறையும் தீரும்" என்று போர்டு மாட்டுவது நியாயமில்லை. முன்பு அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் டோமன், டெலக்காட்டோ என்ற இருவர், மூளை பாதித்த குழந்தைகளுக்குப் பலர் சேர்ந்து கையும் காலும் பிடித்துத் தவழும் அசைவைச் செய்யவைக்கிற முறையைப் பரப்பினார்கள். எத்தனையோ குடும்பங்கள் அதற்காக ராப்பகலாக உழைத்தன. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1982-லும் 1999-லும் அதற்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கையே விட்டது. பெற்ற வயிறு எதையும் செய்யத் துணியும். விற்கிறவர்களுக்கு அது தெரியும்.

வளையலைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, முதலில் கண் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். கண்ணாடி போடவேண்டும் என்றார். காது சரியாக இருந்தது. வகுப்பு டீச்சரிடம் பேசி முன் வரிசையில் இடம் வாங்கினோம். அசைவுகளையும் விடவில்லை, பணம் கட்டாமல் வீட்டிலேயே செய்தோம். மூன்று சொல்கிறேன். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, பாதத்தால் தள்ளித் தள்ளி உடம்பு முழுவதையும் தலைப்பக்கமும் கால்பக்கமுமாக மெதுவாக ஆட்டுவது. தவழும் நிலையில் நின்று முன்னும் பின்னும் ஆடுவது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் செங்கீரை ஆடச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதேதான். மூன்றாவது, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்தபடி கைகால்களை நட்சத்திரம் மாதிரி விரித்து, மூச்சை விட்டபடி மெதுவாகக் கட்டிக்கொள்வது. தினம் பத்து நிமிஷம், சிரிப்பும் விளையாட்டுமாக. வலிப்பு வருகிற குழந்தை, கழுத்தில் கோளாறு உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். பேச்சுப் பயிற்சியோ தனிப் பாடமோ நடந்தால், இதை நம்பி அதை நிறுத்தவும் கூடாது.

பையன் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறான். கண்ணாடியாலா, முன் வரிசையாலா, அசைவாலா, ஒரு வயசு கூடினதாலா என்று பிரிக்க முடியுமா? நாத்தனார் வளையல் கையில் இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இந்தச் சிகிச்சை என்று சொல்கிறார்கள். பயம், படபடப்பு எல்லாம் அடங்காத மோரோவால்தான் என்கிறார்கள். அதற்குத் தக்க ஆதாரம் இல்லை. ஆனால் பெரியவர்களிடம் ஆதி அனிச்சை உண்மையாகவே திரும்பி வருவதுண்டு. மருமகள் படுத்துவிட்டால் மாமியார் மறுபடி சாவியை எடுக்கிறார் அல்லவா, அதுபோல பக்கவாதத்திலோ மறதி நோயிலோ மூளையின் மேல்பகுதி பழுதுபட்டால் பழைய அசைவுகள் தலைகாட்டும். டாக்டர் உள்ளங்காலைக் கீறிக் கட்டைவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். பாரிஸில் பாபின்ஸ்கி என்ற மருத்துவர் 1896-ல் சொன்ன சோதனை அது.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது, உடம்பு துடைக்கப் போனால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். "வேணும்னே பண்றா கிழவி" என்று வேலைக்கார அம்மா சலித்துக்கொள்வாள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, உள்ளங்கையில் எது பட்டாலும் பாப்பா மாதிரி விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் விரல்களைப் பிய்த்து எடுக்காதீர்கள். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். புறங்கையைத் தடவிக் கொடுத்து, மணிக்கட்டை உள்பக்கமாக மெல்ல மடக்கினால் விரல்கள் தாமே தளரும்.