பேரேடு கிளவுடுக்குப் போயாச்சு... பூட்டு எங்கே?

தர்மபுரி மாவட்டத்தில் பயிர்க்கடனோ நகைக்கடனோ வேண்டுமென்றால், பல விவசாயிகள் முதலில் போவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத்தான். எத்தனை ஏக்கர், எத்தனை பவுன் அடகு, எவ்வளவு பாக்கி... எல்லாம் சங்கத்துப் பேரேட்டில் இருக்கும். பென்னாகரம் பக்கத்துப் பேரேடு அங்கே ஒரு பீரோவில், அரூர் பக்கத்துப் பேரேடு வேறொரு பீரோவில். அந்தத் தூரமே ஒரு பாதுகாப்பாக இருந்தது.

இனி அந்தத் தூரம் இல்லை. நாடு முழுக்க 63,000 சங்கங்களை 2,516 கோடி ரூபாயில் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கிளவுடில் ஓடும் ஒரே பொது சாஃப்ட்வேர். தமிழ்நாட்டுச் சங்கங்களும் இதில் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு கேள்வியை இப்பவே கேட்டாகணும்.

'மல்டி டெனன்ட்' என்றால்?

ஒரே சாஃப்ட்வேரைப் பலர் பகிர்வது. ஒவ்வொரு சங்கமும் ஒரு குடித்தனம் மாதிரி. தரவை வைக்க மூன்று வழிகள் உண்டு. தனித்தனி டேட்டாபேஸ் என்றால் பாதுகாப்பு அதிகம், செலவும் அதிகம். ஒரே டேட்டாபேஸில் தனித்தனி ஸ்கீமா என்பது நடுத்தரம். எல்லோர் தரவும் ஒரே டேபிளில், ஒவ்வொரு வரிசையிலும் சங்கத்தின் அடையாள எண் என்பது மூன்றாவது. செலவு குறைவு, ரிஸ்க் அதிகம்.

என்ன ரிஸ்க்?

மூன்றாவது வழியில், டெவலப்பர் எழுதும் ஒவ்வொரு குவெரியிலும் 'இந்தச் சங்கத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனை இருக்கணும். ஒரே ஒரு இடத்தில் மறந்தாலும் அரூர்க்காரர் கடன் பென்னாகரம் திரையில் தெரியும். ஹேக்கரே தேவையில்லை.

2024 ஏப்ரலில், சுமார் 17,000 புதிய கிரெடிட் கார்டுகள் தங்கள் ஆப்பில் தவறான வாடிக்கையாளர்களோடு இணைந்துவிட்டதாக ஐசிஐசிஐ வங்கி ஒப்புக்கொண்டது. அது ஒரே வங்கிக்குள் நடந்தது. ஆனால் ஒருவர் தரவு இன்னொருவர் திரைக்குப் போனது என்பதில் இதே ரகம்தான்.

தீர்வு இருக்கா?

இருக்கு. பூட்டை டேட்டாபேஸிலேயே போடணும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2016-ல் வந்த 9.5 பதிப்பு முதலே 'ரோ லெவல் செக்யூரிட்டி' வசதி இருக்கிறது. விதியைச் சரியாக எழுதிவிட்டால், டெவலப்பர் நிபந்தனையை மறந்தாலும் அடுத்த சங்கத்தின் வரிசையை டேட்டாபேஸ் தராது. ஆனால் ஆப்பே 'சூப்பர் யூசர்' கணக்கில் நுழைந்தால் இந்தப் பூட்டு வேலை செய்யாது.

எனவே, தரவை எப்படிப் பிரித்து வைப்பது என்பதை அரசு ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்பும் ஒரு சங்கத்தின் லாகினில் இன்னொரு சங்கத்தின் கடன் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். எதுவும் வரக் கூடாது. அந்தச் சோதனை முடிவை வெளியிடவும் வேண்டும்.

பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் வீட்டில்கூடச் சொல்லாமல் அடகு வைத்த நகை ஊருக்குத் தெரிந்துபோனால், எந்த அபராதமும் அதைத் திரும்ப மறைக்காது.