கல்லில் நிற்கும் ஆழாக்கு

திருமலைக் கோயிலின் பிராகாரச் சுவர்களை நின்று பார்க்கும் அவகாசம் இன்றைய பக்தனுக்கு வாய்ப்பதில்லை. பின்னால் வரும் கூட்டமே அவனை முன்னே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அச்சுவர்களிலோ, "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று கிரந்தத்தில் மங்களம் கூறித் தொடங்கிப் பெரும்பாலும் தமிழிலேயே நடக்கும் சாசனங்கள், இன்னார் பண்டாரத்தில் இத்தனை நற்பணம் செலுத்தினார், அதைக்கொண்டு கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் திருத்தி, வரும் விளைவில் இத்தனை மரக்கால் அரிசியும் இத்தனை ஆழாக்கு நெய்யும் அமுதுபடிக்கு அளக்கக் கடவது, நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒன்று 'விட்டவன் விழுக்காடு' என்று கொடையாளிக்கே சேரும் என்றெல்லாம் ஒரு தேர்ந்த கணக்கப்பிள்ளையின் நிதானத்தோடு பேசிக்கொண்டிருக்கின்றன.

சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பால் 1930-களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சேற்றியது. அத்தகைய நூலைப் படம்பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியவில்லை, படத்துக்குள் 'நெய்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. எழுத்து எழுத்தாகவே ஏறினால்தான், எந்த அரசன் காலத்தில் எத்தனை ஏரிகள் திருத்தப்பட்டன என்பதை ஒரு மாணவன் அரை நாழிகையில் கண்டெடுக்க முடியும்.

அப்படி ஏற, கணினிகளின் பொது எழுத்துத் தரமான யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் இடம் வேண்டும். எவரும் தாய்மொழியாக எழுதாத எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்கு அது 2009-இல் 1,071 இடங்களை அளித்தது. 2024-இல் மேலும் 3,995 வந்து சேர்ந்தன. அச்சித்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கான கட்டுப்பாட்டுக் குறிகள் 2019-இல் வந்தபோது, அதே பதிப்பில் நம்முடைய 51 குறிகளும் சத்தமின்றி இடம்பெற்றன என்பதைத் தமிழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? முந்திரி என்னும் 1/320 முதலிய பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன், குழி, வேலி, நஞ்சை, புஞ்சை, ஏன், உப்பளத்துக்குக்கூட ஒரு குறி! ஓலைக் கணக்குகளில் நம் முன்னோர் அன்றாடம் கிறுக்கியவை இவை. கிரந்தத்துக்கோ அதற்கு முன்பே, 2014-இல், இடம் கிடைத்துவிட்டது. அது தமிழைக் கெடுக்கும் என்று 2010-இல் எழுந்த கூச்சலில், இரண்டையும் ஒரே வரியில் வைத்துக்கொண்டு சங்கடப்படாமல் நிற்கும் இந்தக் கற்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

ஆகவே, இடமில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. தேவஸ்தானமும் இரு மாநிலத் தொல்லியல் துறைகளும் சேர்ந்து, கிருஷ்ணதேவராயர் 1513-இல் அளித்த கொடைகளின் சாசனங்களிலிருந்தாவது இந்தப் பணியைத் தொடங்கலாம். கூடவே, நல்லதோர் எழுத்துருவையும் இலவசமாக வழங்க வேண்டும். ஆழாக்குக் குறியை நேற்று என் கைபேசியில் இட்டுப் பார்த்தேன். வெற்றுக் கட்டம் ஒன்றுதான் தெரிந்தது.