பாறையேறுவோரும் விரற்காயமும்

பாறையேற்றத்தில் உடலின் பாரம் பல சமயங்களில் விரல் நுனிகளிலேயே தங்குகிறது. விரலை மடக்கிச் சிறு விளிம்பைப் பற்றுங்கால், தசைநாணை எலும்போடு அணைத்து நிற்கும் நார்வளையம் கிழிவதுண்டு. மோதிர விரலுக்கே இவ்விபத்து அதிகம். வலி தணிந்தவுடன் பழையபடி ஏறுவதும், அஞ்சி விரலை மாதக்கணக்கில் அசைக்காதிருப்பதும் தவறேயாகும். ஒரு வளையம் மட்டும் கிழிந்திருப்பின் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை அவசியமன்று. சில நாள் ஓய்வு, காப்புக்கட்டு, வலியெழாத அளவில் அசைவு, பின்னர் படிப்படியாகக் கூட்டப்படும் பாரம் என்பதே இயன்முறைச் சிகிச்சையின் வழி. பாரம் ஏற்காத தசைநாண் வலுப்பெறாது.

டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தரகாசியில் 1965-இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. கயிற்று முடிச்சைப் போலவே விரலைப் பேணும் முறையும் இத்தகைய பயிற்சிகள் யாவற்றிலும் கட்டாயப் பாடமாதல் வேண்டும்.